"ஒரிஜினல் ராஜபாளையம்": நாய்க்குட்டி வியாபாரத்தின் கதை

எங்கள் ஊர் ராயகிரி என்று சொன்னால் ஹாஸ்டலில் பாதிப் பேருக்குத் தெரியாது. சங்கரன்கோவில் என்றால் ஆடித்தபசு ஞாபகம் வரும். சிவகிரி என்றால் "எந்த சிவகிரி, ஈரோடு பக்கமா?" என்பார்கள். கடைசியில் "ராஜபாளையத்துக்குப் பக்கம்" என்று சொன்னதும்தான் எல்லோர் முகத்திலும் பல்பு எரியும். "ஓ, நாய்! மச்சி, எனக்கு ஒரு ஒரிஜினல் குட்டி வாங்கித் தர முடியுமா?"

இந்த 'ஒரிஜினல்' என்கிற ஒரு சொல்லைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. நாய் வியாபாரத்துக்குள் இந்தச் சொல் எப்படி வந்தது, இதை வைத்து யார் சம்பாதித்தார்கள், இதனால் நாய்களுக்கு என்ன ஆனது என்று கொஞ்ச நாளாகத் தேடித் தேடிப் படித்தேன். எங்கள் பக்கத்து ஊர்க் கதை என்று ஆரம்பித்தது அமெரிக்கா வரை போய்விட்டது. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஊர்க் கதை. மேற்குத் தொடர்ச்சி மலையின் இந்த அடிவாரம் முழுக்க ஒரு காலத்தில் பாளையங்கள். சிவகிரி ஒரு பாளையம். பூலித்தேவரின் நெற்கட்டும்செவல் எங்களுக்குக் கூப்பிடு தூரம். வடக்கே ராஜபாளையத்தில் தெலுங்கு பேசும் ராஜுக்கள். மலையில் காட்டுப்பன்றி, கீழே வயல். வேட்டைக்கும் காவலுக்கும் நாய் இல்லாமல் முடியாது. அதனால் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நாய் உருவானது. ராஜபாளையத்துக்கு வெள்ளை நாய். சிப்பிப்பாறை, கோவில்பட்டி கரிசல் பக்கம் ஒல்லியான, முயல் துரத்துகிற சிப்பிப்பாறையும் கன்னியும். தேனி பக்கம் கோம்பை. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேய வேட்டைப் பிரியர்கள் 'பாளிகார் நாய்' என்று எழுதி வைத்திருப்பது இந்தப் பாளையக்காரர் நாய்களைத்தான்.

அந்தக் காலத்தில் குட்டியைக் கடையில் வாங்குவது கிடையாது. நாய் போட்டிருக்கிற வீட்டில் சொல்லி வைப்பார்கள். கன்னி நாய்க்கு அந்தப் பெயர் வந்ததே கல்யாணப் பெண்ணுக்குச் சீராகக் கொடுத்ததால்தான் என்று ஊரில் சொல்வார்கள். இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். குட்டியைக் கேட்கிறவனுக்குத் தாய் நாயைத் தெரியும். அது எப்படிக் குரைக்கும், கடிக்குமா, போன ஈற்றில் எத்தனை குட்டி தங்கியது, எல்லாம் தெரு முழுக்கத் தெரியும். 'ஒரிஜினலா' என்று கேட்கவே தேவையில்லை.

இந்த நாய்களுக்கு ஆதரவும் வேலையும் போனது இரண்டு கட்டங்களில். 1948 சட்டம் வந்து ஜமீன்கள் ஒழிந்தன. பத்து, இருபது நாய்களை வைத்துச் சோறு போடுகிற அரண்மனைகளுக்கு அதற்குப் பிறகு அந்த வசதி இல்லை. ஜமீன் ஒழிந்தது நல்லதுதான், அதில் எனக்கு வருத்தமே இல்லை; ஆனால் நாய்களுக்குப் போக்கிடம் போனது உண்மை. அடுத்து 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். வேட்டை குற்றம் ஆனது. வேட்டை நாய்க்கு வேட்டையே இல்லை என்றால் அது என்ன? காவல் நாய். காவலும் வேண்டாம் என்றால்? பெருமைக்கு வளர்க்கிற நாய். அங்கேதான் சந்தை பிறக்கிறது. வாங்குகிறவன் இப்போது சென்னையில் இருக்கிறான், கோயம்புத்தூரில் இருக்கிறான். அவனுக்குத் தாய் நாயைத் தெரியாது. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றே ஒன்றுதான்: "ராஜபாளையம் என்றால் வெள்ளையாக இருக்கும்."

இங்கேதான் பெரிய பிரச்சனை. பால் வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, பொன்னிறக் கண். இந்த மூன்றும் இருந்தால் 'சுத்தம்' என்று வைத்துவிட்டார்கள். ஆனால் ராஜபாளையம் ஈற்றில் கறுப்பு, பழுப்பு, புள்ளி போட்ட குட்டிகளும் பிறப்பதுண்டு. அதே தாய், அதே தகப்பன்! அப்படிப் பிறந்தவற்றைப் பிறந்த உடனேயே கொன்றுவிடுகிற வழக்கம் முன்பு இருந்திருக்கிறது. வெள்ளையை மட்டும் வைத்து, வெள்ளையோடு வெள்ளையைச் சேர்த்து, அதிலும் வெள்ளையைப் பொறுக்கி... இப்படியே தலைமுறை தலைமுறையாக.

இதன் விளைவு காதில் தெரிந்தது. எப்படி என்று சொல்கிறேன், பயாலஜி பிடிக்காதவர்கள் ஒரு பத்தி தாண்டிவிடலாம். தோலுக்கும் முடிக்கும் நிறம் தருகிற செல்களுக்கு மெலனோசைட் என்று பெயர். இந்தச் செல்கள் தோலில் மட்டும் இல்லை, உள்காதிலும் இருக்கின்றன. காதின் நத்தைக்கூடு போன்ற பகுதியில் ஒலியை உணரும் செல்கள் உயிரோடு இருக்க இவை அங்கே இருந்தாக வேண்டும். நிறச் செல்களே பரவாத வெள்ளை நாயில் சில சமயம் உள்காதுக்கும் அவை போய்ச் சேர்வதில்லை. பிறந்த சில வாரங்களுக்குள் அந்தக் காது செத்துவிடும். பிறகு மருந்தும் இல்லை, ஆபரேஷனும் இல்லை. ராஜபாளையம் நாய்களில் காது கேளாமை அதிகம் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். கண் நீலமாக இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். அதே நீலக் கண்ணை "ரேர் பீஸ்" என்று கூடுதல் விலைக்கு விற்கிற ஆட்களும் இருக்கிறார்கள்.

கொடுமை என்னவென்றால், வாங்கும்போது இது தெரியவே தெரியாது. குட்டிகள் கும்பலாக இருக்கும். ஒன்று எழுந்தால் எல்லாம் எழும், ஒன்று ஓடினால் எல்லாம் ஓடும். காது கேட்காத குட்டியும் மற்றதைப் பார்த்துத் துள்ளிக்கொண்டு வரும். வீட்டுக்குத் தனியாக வந்த பிறகுதான் விஷயம் வெளியே வரும்.

எங்கள் ஊரில் எலுமிச்சைத் தோட்டம் வைத்திருக்கிற ஒருவருக்கு இப்படித்தான் ஆனது. மலையிலிருந்து பன்றி இறங்கித் தோட்டத்தைக் கிளறுகிறது என்று காவலுக்கு ஒரு குட்டி வாங்கினார். போனில் பார்த்து, தரகர் மூலமாக வாங்கியது. நாய் வளர்ந்தது, பார்க்க ராஜா மாதிரி இருந்தது. ராத்திரி பன்றி வந்து போகும், நாய் தூங்கிக்கொண்டிருக்கும். தரகருக்குப் போன் போட்டுக் கேட்டதற்கு வந்த பதில்: "அண்ணாச்சி, ராஜபாளையம்னா அப்படித்தான். கொஞ்சம் பிடிவாதம் இருக்கும். கூப்பிட்ட உடனே வர்றதுக்கு அது என்ன தெரு நாயா?" செவிட்டுத் தன்மையையே குலப் பெருமையாக மாற்றி விற்றுவிட்டார் மனுஷன்! ஒரு வகையில் இதைவிடச் சுத்தமான மார்க்கெட்டிங் கிடையாது. அந்த நாய் இன்னும் இருக்கிறது. ஆனால் இப்படித் தெரிய வந்த எல்லா நாய்க்கும் அந்த அதிர்ஷ்டம் கிடைப்பதில்லை. ரோட்டில் விடப்பட்ட காது கேளாத நாய்க்குப் பின்னால் லாரி வந்தால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

ராஜபாளையத்துக்கு மட்டும் வந்த தலைவிதி இல்லை இது. டால்மேஷன் என்ற புள்ளி நாயிலும் இதே கோளாறுதான். அமெரிக்காவில் சோதித்துப் பார்த்ததில் சுமார் 30 சதவீத டால்மேஷன்களுக்கு ஒரு காதோ இரண்டு காதோ கேட்கவில்லை. அந்த இனத்தைப் பிரபலமாக்கியது ஒரு சினிமா. டிஸ்னியின் '101 டால்மேஷன்ஸ்' 1961-ல் வந்து, 1985-லும் 1991-லும் மறுபடி திரைக்கு வந்தது. அமெரிக்க கென்னல் கிளப்பில் வருடத்துக்குச் சுமார் 8 ஆயிரமாக இருந்த டால்மேஷன் பதிவு, 1993-ல் 42 ஆயிரத்தைத் தாண்டியது. அத்தனை குட்டிகளை எட்டே வருடத்தில் 'உற்பத்தி' செய்தது யார் என்பதுதான் கேள்வி. அதற்குப் பின்னால் வருகிறேன்.

நம் ஊரிலும் நாய் ஃபேஷனைத் தீர்மானித்தது திரைதான். 1990-களில் தெருவுக்கு ஒரு வீட்டில் வெள்ளைப் புசுபுசு நாய் இருக்கும். 'பொமரேனியன்' என்பார்கள். 1994-ல் வந்த 'ஹம் ஆப்கே ஹை கோன்' இந்திப் படத்தில் கிரிக்கெட் அம்பயராகக்கூட வந்ததே, அதே ரகம். உண்மையில் அது பொமரேனியனே இல்லை, இந்தியன் ஸ்பிட்ஸ் என்ற தனி இனம். நிஜ பொமரேனியன் ஒரு கைக்குள் அடங்குகிற சைஸ். முப்பது வருடமாகத் தமிழ்நாடே ஒரு நாயைத் தப்புப் பெயரில் வாங்கியிருக்கிறது! இதில் நாய்க்கு ஒன்றும் கெடுதல் இல்லை, ஸ்பிட்ஸ் நம் வெயிலுக்குப் பழகிய திடமான நாய். அதனால் இந்தப் பொய்யை மன்னித்துவிடலாம்.

மன்னிக்க முடியாதது அடுத்தது. 2003-ல் ஹட்ச் விளம்பரம். ஒரு சின்னப் பையன் போகிற இடமெல்லாம் பின்னாலேயே ஒரு பக் நாய்க்குட்டி. ஓகில்வி நிறுவனம் எடுத்தது. விற்றது செல்போன் கனெக்ஷன், ஆனால் கனெக்ஷனோடு சேர்ந்து நாயும் விற்றது. பக் விலை எகிறியது. தட்டை மூக்கு, சுருங்கிய முகம், பிதுங்கிய கண், எல்லோருக்கும் 'க்யூட்'. அந்த மூக்குதான் அதற்கு எமன். நாய்க்கு வியர்த்துக் குளிர்கிற வழி கிடையாது, மூச்சு இரைத்துத்தான் உடம்புச் சூட்டை வெளியேற்ற வேண்டும். மூக்கும் தொண்டையும் நசுங்கிப்போன நாயால் அது முடியாது. சீனாவில் அரண்மனைக்குள் வளர்ந்து, ஐரோப்பாக் குளிரில் பெரிய ஆளான நாயை அக்னி நட்சத்திரத்தில் மொட்டைமாடி ஷெட்டில் வைத்தால் என்ன ஆகும்? 2018-ல் அதே பக்கை மறுபடி விளம்பரத்தில் கொண்டு வந்தபோது விலங்குநல அமைப்புகள் எதிர்த்தது இதனால்தான். விளம்பரத்தில் வந்த எந்த வார்த்தையும் பொய் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மூச்சுத் திணறலைக் காட்டவில்லை, அவ்வளவுதான்.

சரி, இப்போது தரகர் விஷயத்துக்கு வருவோம். இன்றைய வாட்ஸ்அப் குரூப், இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் விளம்பரங்களைப் பார்த்தால் ஒரு வாசகம் மாறாமல் இருக்கும்: "35 நாள் குட்டி, ஆக்டிவ், இரண்டு தடுப்பூசி போட்டாச்சு, கே.சி.ஐ. பேப்பர் உண்டு." இந்த ஒரு வரியைப் பிரித்துப் பார்த்தாலே போதும்.

35 நாள் ஏன்? அந்த வயதில்தான் குட்டி பொம்மை மாதிரி இருக்கும். இன்னும் மூன்று வாரம் வைத்திருந்தால் தீவனச் செலவு, மருந்துச் செலவு, போதாததற்குக் குட்டி கால் நீண்டு அழகு குறையும். ஆனால் குட்டிக்கு அந்த மூன்று வாரம்தான் முக்கியம். கடிக்கும்போது எவ்வளவு அழுத்தலாம் என்பதைத் தாயிடமும் கூடப் பிறந்தவற்றிடமும்தான் கற்றுக்கொள்கிறது. தாய்ப்பால் வழியாக வந்த எதிர்ப்புச் சக்தியும் மெதுவாகக் குறைந்துவரும் சமயம்.

"இரண்டு தடுப்பூசி" என்பது இன்னும் வேடிக்கை. நாய்க்குட்டிகளைக் கூட்டம் கூட்டமாகக் கொல்கிற நோய் பார்வோ. 1978-ல் அடையாளம் கண்ட வைரஸ். அதற்கான ஊசித் தொடர் பொதுவாக 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, சில வார இடைவெளியில் 16 வாரம் வரை போகும். முன்னால் போட்டால் தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தியே ஊசியை வேலை செய்ய விடாது. அப்படியானால் 35 நாளில், அதாவது 5 வாரத்தில், இரண்டு ஊசி எப்படி முடிந்தது? கணக்கு உதைக்கிறது இல்லையா? புத்தகத்தில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், அவ்வளவுதான். பார்வோ உள்ளே போய் வெளியே தெரிய பெரும்பாலும் ஒரு வாரம் ஆகும். அதற்குள் குட்டி உங்கள் வீட்டுக்கு வந்திருக்கும். வாந்தி, ரத்தப்பேதி, இரண்டே நாளில் முடிந்துவிடும். போன் செய்தால் "நீங்க பால் குடுத்திருப்பீங்க சார், அதான்" என்பார்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் தாங்கள்தான் குட்டியைக் கொன்றுவிட்டதாக நினைத்து அழும். பலர் திரும்ப அதே ஆளிடம் 'தள்ளுபடி விலையில்' இன்னொரு குட்டி வாங்கி, வைரஸ் இருக்கிற அதே வீட்டில் விடுவார்கள்.

கே.சி.ஐ. பேப்பர் என்பது சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கென்னல் கிளப் ஆஃப் இந்தியா கொடுக்கிற வம்சாவளிப் பதிவு. இன்னாருக்கு இன்னார் பிறந்தார் என்று சொல்கிற காகிதம். ஆரோக்கியச் சான்றிதழ் இல்லை. தாத்தா பெயர் சரியாக இருப்பதால் பேரனுக்கு சுகர் வராது என்று யாராவது சொல்வார்களா? ஆனால் கடையில் "பேப்பரோட இவ்வளவு, பேப்பர் இல்லாம இவ்வளவு" என்று இரண்டு விலை சொல்லும்போது, பேப்பர் இருந்தால் நல்ல குட்டி என்று வாங்குகிறவர் தானாகவே நினைத்துக்கொள்கிறார். அவர் அப்படி நினைப்பதை யாரும் திருத்துவதில்லை.

இந்த மொத்த வியாபாரத்துக்கும் தாய்வீடு என்றால் அமெரிக்காவைத்தான் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மத்திய மேற்கு மாநிலங்களில் விவசாயத்தில் வருமானம் போதாதவர்கள் பலர் கோழிக் கொட்டகையில் நாய்களை அடைத்துக் குட்டி எடுக்க ஆரம்பித்தார்கள். 'பப்பி மில்' என்று பெயரே வந்துவிட்டது. குட்டிகளை மொத்தமாக வாங்கி, வேனில் ஏற்றி, ஆயிரம் மைல் தாண்டி மாலில் உள்ள பெட் ஷாப்புக்குக் கொடுப்பது இடைத்தரகர் வேலை. கண்ணாடிப் பெட்டிக்குள் விளையாடுகிற குட்டியைப் பார்த்து வாங்குகிறவருக்கு அதன் தாய் எந்த மாநிலத்தில், எந்தக் கூண்டில் இருக்கிறது என்று தெரியாது. டால்மேஷன் எட்டு வருடத்தில் ஐந்து மடங்கு ஆனதற்குப் பின்னால் இப்படிப்பட்ட ஏற்பாடு தயாராக இருந்தது.

அங்கே சட்டம் வந்த கதையும் ஒரு டால்மேஷனில்தான் தொடங்குகிறது. 1965-ல் பென்சில்வேனியாவில் பெப்பர் என்ற நாய் திருடு போய், வியாபாரிகள் கை மாறி, கடைசியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் செத்துப்போனது. அடுத்த பிப்ரவரியில் 'லைஃப்' பத்திரிகை நாய் வியாபாரிகளின் கொட்டடிகளைப் படம் பிடித்துப் போட்டது. நாடே கொதித்தது. 1966 ஆகஸ்டில் சட்டம் வந்தது, 1970-ல் செல்லப்பிராணி வியாபாரத்துக்கும் விரிந்தது. வியாபாரிகளுக்கு அமெரிக்க விவசாயத் துறையின் லைசென்ஸ் கட்டாயம் ஆனது. அந்தச் சட்ட விதிப்படி ஒரு நாயின் கூண்டு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் தெரியுமா? நாயின் நீளத்தைவிட 6 அங்குலம் அதிகம் இருந்தால் போதும்! இவ்வளவு மோசமான குறைந்தபட்ச விதியை நிறைவேற்றியதையே வியாபாரிகள் "அரசு லைசென்ஸ் பெற்ற வளர்ப்பாளர்" என்று பெருமையாக விளம்பரத்தில் போட்டார்கள். கட்டுப்படுத்த வந்த சட்டம் விளம்பர வாசகமாக மாறிவிட்டது.

பிறகு பெட் ஷாப்பிலேயே விற்கக் கூடாது என்று ஒவ்வொரு மாநிலமாகத் தடை வந்தது. கலிஃபோர்னியா 2017-ல் சட்டம் போட்டு 2019 ஜனவரியில் அமலுக்குக் கொண்டு வந்தது. கடையில் விற்பதென்றால் காப்பகத்திலிருந்தோ மீட்பு அமைப்பிலிருந்தோ வந்த நாயைத்தான் விற்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். வியாபாரிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? சிலர் தாங்களே 'மீட்பு அமைப்பு' ஆகிவிட்டார்கள்! பப்பி மில் குட்டியை ஒரு காகித அமைப்பு வழியாக அனுப்பி "ரெஸ்க்யூ நாய்" என்று விற்றார்கள். 2019-ல் அயோவா மாநில அட்டர்னி ஜெனரல் இப்படிப்பட்ட கும்பல் மீது வழக்குப் போட்டார். கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குவது மாதிரி இதற்கு 'நாய்க்குட்டி சலவை' என்றே பெயர். கடை போய் இணையதளம் வந்ததும், தரகர்கள் பண்ணை வீட்டுப் படம் போட்டு, தாங்களே வளர்த்த மாதிரி எழுதி விற்றார்கள். கடைசியில் 2025-ல் கலிஃபோர்னியா இடைத்தரகர் விற்பனையையே தடை செய்து இன்னொரு சட்டம் போட வேண்டியிருந்தது.

இங்கிலாந்து வேறு வழியில் போனது. 2013-ல் வேல்ஸ் பண்ணை ஒன்றிலிருந்து மீட்ட லூசி என்ற நாயின் பெயரால் ஒரு சட்டம் 2020 ஏப்ரல் 6-ல் அமலுக்கு வந்தது. ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டியை வளர்த்தவரைத் தவிர வேறு யாரும் விற்கக் கூடாது. பிறந்த இடத்தில், தாயோடு வைத்துக் காட்டித்தான் விற்க வேண்டும். எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் யாரும் சொல்லாமலே இருந்த முறையை அவர்கள் சட்டமாக எழுத வேண்டியதாயிற்று. அதற்கும் ஏமாற்று வந்தது, வாடகைக்கு ஒரு வீடு, வாடகைக்கு ஒரு 'தாய்'!

நம் நாட்டுச் சட்டத்தின் கதையில் ஒரு தமிழ்ப் பெயர் இருக்கிறது. கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவி அருண்டேல் ராஜ்யசபா உறுப்பினராக இருந்தபோது 1950-களின் தொடக்கத்தில் விலங்கு வதைக்கு எதிராகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதி சொன்னதால் திரும்பப் பெற்றார். அதுதான் 1960 சட்டம். 1962-ல் அமைந்த விலங்குநல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. நல்ல சட்டம்தான், ஆனால் முதல் முறை குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. 1960-ல் அது பணம். இன்று ஒரு டீயும் இரண்டு வடையும்.

நாய் விற்பனைக்கென்று தனி விதி வர இன்னும் 57 வருடம் ஆனது. 2015-ல் சட்ட ஆணையம் தன் 261-வது அறிக்கையில் பெட் ஷாப்புகளையும் நாய் வளர்ப்பாளர்களையும் கட்டுப்படுத்தச் சொன்னது. 2017 மே மாதம் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் வந்தன. அடுத்த வருடம் பெட் ஷாப் விதிகள். வளர்ப்பாளர் மாநில விலங்குநல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். வருடத்துக்கு ஓர் ஈற்றுக்கு மேல் கூடாது, ஒரு பெட்டை நாயிடம் வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்கு மேல் எடுக்கக் கூடாது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. எட்டு வாரம் என்றால் 56 நாள்.

இப்போது அந்த "35 நாள் குட்டி" விளம்பரத்தை மறுபடி படியுங்கள். அது விளம்பரம் மட்டும் இல்லை, கையெழுத்துப் போடாத ஒப்புதல் வாக்குமூலம்! இதைப் பகிரங்கமாகப் போடுகிற தைரியம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு மேலே சொன்ன 50 ரூபாய்தான் பதில்.

ஆனால் இன்னொரு சட்டப் புத்தகம் இருக்கிறது, பலருக்கு ஞாபகம் வருவதில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போட அதில் இடம் இருக்கிறது. நாய்க்குட்டி சட்டத்தின் கண்ணில் ஒரு பொருள்தான், மிக்ஸி, ஃபேன் மாதிரி. கேட்க வருத்தமாக இருந்தாலும் இங்கே அது உதவுகிறது. நாயை வதைத்தால் 50 ரூபாய், நாயைப் பற்றிப் பொய் சொன்னால் 10 லட்சம் வரை! நம் சட்டங்கள் யாருடைய வலியை முதலில் யோசித்தன என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

இதற்கிடையில் நாட்டு நாய்களுக்கு நல்ல காலமும் வந்தது. 2005-ல் தபால் துறை நான்கு இந்திய நாய்களுக்கு ஸ்டாம்ப் வெளியிட்டது, அதில் ஒன்று ராஜபாளையம். கர்னாலில் இருக்கிற தேசிய விலங்கு மரபுவள நிறுவனம் முதலில் பதிவு செய்த மூன்று நாய் இனங்களில் இரண்டு நம்முடையவை, ராஜபாளையமும் சிப்பிப்பாறையும். சு. தியடோர் பாஸ்கரன் 2017-ல் இந்திய நாய்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூலே எழுதினார். 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லிப் பாராட்டினார். 2024-ல் தமிழக அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட், பக் போன்றவை நம் தட்பவெப்பத்துக்கு ஒத்துவராதவை என்று பட்டியல் போட்டது.

எனக்கும் பெருமைதான். ஆனால் பெருமையும் ஒரு விளம்பரம் என்பதை யாரும் யோசிக்கவில்லை. பக் விஷயத்தில் ஹட்ச் செய்த வேலையை இப்போது 'நாட்டு நாய்' என்ற சொல் செய்கிறது. யூடியூபில் பாருங்கள், மீசை முறுக்கிய பின்னணி இசையோடு, வெள்ளைக்காரன் குதிரைப் படையையே இந்த நாய்தான் விரட்டியது என்று ஆரம்பித்து, கடைசியில் போன் நம்பரில் முடியும். கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பாளையக்காரர் நாயின் வீரத்துக்கும் நீங்கள் வாங்கப்போகிற குட்டியின் காதுக்கும் சம்பந்தம் இல்லை. தேவை ஏறும்போது வெள்ளைக்கு இன்னும் வெள்ளையைச் சேர்ப்பார்கள், சகோதரனோடு சகோதரியைச் சேர்ப்பார்கள், எலும்பு பெருக்க வெளிநாட்டு நாயைக் கலந்துவிட்டு 'ஒரிஜினல்' என்பார்கள்.

ஹாஸ்டல் நண்பர்கள் கேட்டதற்கு என் பதில் இதுதான். வாங்கித்தான் தீர வேண்டும் என்றால், குட்டி தூங்கும்போது அதற்குத் தெரியாமல் பின்னால் நின்று சாவிக் கொத்தைக் குலுக்குங்கள். தரையைத் தட்டாதீர்கள், அதிர்வு தெரிந்துவிடும். காது திரும்புகிறதா என்று பாருங்கள். ஒரு காது மட்டும் கேட்காத குட்டியை இப்படிக் கண்டுபிடிக்க முடியாது, அதற்கு மூளையின் ஒலி உணர்வை அளக்கிற கருவி வேண்டும். கறுப்புக் குட்டியோ புள்ளிக் குட்டியோ கிடைத்தால் "இது கலப்பு" என்று ஒதுக்காதீர்கள், அதே தாயின் குட்டியாக இருக்கலாம். 56 நாள் ஆகட்டும் என்று சொல்லிப் பாருங்கள், "அதுக்குள்ள வேற ஆளுக்குப் போயிடும்" என்று அவசரப்படுத்தினால் விட்டுவிடுங்கள். முக்கியமாக, "குட்டி பிறந்த வீட்டுக்கே வர்றேன், தாயைக் காட்டுங்க" என்று கேளுங்கள். நல்லபடியாக வளர்க்கிறவர் வாசலிலேயே தாயைக் கட்டி வைத்துக் காட்டுவார், காபியும் கொடுப்பார். "எதுக்கு சார் வீணா அலையறீங்க, பஸ் ஸ்டாண்டுக்கு வாங்க, கூடையில போட்டுக் கொண்டு வந்து தர்றேன்" என்றால், அவர்தான் தரகர்.

கன்னி, சிப்பிப்பாறை பற்றித் தனியாக எழுத வேண்டும், அவை இரண்டும் ஒரே இனமா வேறா என்ற சண்டையே ஒரு கட்டுரைக்குத் தேறும். செமஸ்டர் முடியட்டும்.